படபடப்பு முந்தியா, பயம் முந்தியா

1

மறைப்பானேன், இந்தக் கதை ஒரு பிளாஸ்டிக் கேனிலிருந்து பிறந்தது. 1979இல் திருவண்ணாமலையிலிருந்து வேலூர் போன பஸ்ஸில் ஓர் அம்மாள் அதை மடியில் வைத்துக்கொண்டு போனதாகக் கேள்விப்பட்டேன். உள்ளே இருந்தது இன்னதென்று தெரிந்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

முதல் வரி: 'கன்னியம்மாள் பயந்தாள். நெஞ்சு படபடத்தது.'

வரி நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தப்பு. அடிக்காமல் விட்டுவைக்கிறேன், மூன்றாம் பகுதியில் பாருங்கள்.

2

கன்னியம்மாள் அடி அண்ணாமலையில் வாழ்க்கைப்பட்டவள். மல்லாட்டை (நிலக்கடலைதான், இந்தப் பக்கம் அப்படித்தான் சொல்வோம்) பிடுங்கக் குனிந்தால் போதும், தலை வெடிக்கும், வியர்த்துக் கொட்டும், நெஞ்சு அடித்துக்கொள்ளும். டாக்டரிடம் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் அடங்கி பிரஷர் சரியாக இருக்கும். "மனசுல பயம், வேறொண்ணும் இல்ல" என்று மாத்திரை கொடுத்து அனுப்புவார்கள்.

மாமியார் ராஜம்மாளுக்கு அது போதாதா? "வேலைனு வந்தா மட்டும் படபடப்பு வந்துடுதா இவளுக்கு? தை பொறந்ததும் கீழ்பென்னாத்தூர்ல அவங்கம்மா வூட்லயே வுட்டுட்டு வந்துடுடா" என்றாள் மகன் அப்பாதுரையிடம். போனால் திரும்பக் கூப்பிட மாட்டார்கள் என்று கன்னியம்மாளுக்குத் தெரியும்.

[ராஜம்மாளின் கண்களில் கொடூரம்... வேண்டாம். இவளை வில்லியாக்கத்தான் நினைத்தேன். எனக்கு அடங்கினால்தானே!]

3

டவுனுக்குப் புதிதாக வந்த டாக்டர் ஆதிலட்சுமி கேட்டார்: "பயந்தா படபடப்பு வருதாம்மா?"

"இல்லீங்க. மொதல்ல படபடப்பு வரும். அதப் பாத்துதான் பயமே வரும்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "இன்னொரு வாட்டி சொல்லுங்க."

(நானும் வரியைத் திருப்பிவிட்டேன்: 'கன்னியம்மாளின் நெஞ்சு படபடத்தது. பயந்தாள்.')

கூட வந்திருந்த ராஜம்மாளைப் பார்த்து டாக்டர் சொன்னார். "நாம பயந்தா, கிட்னிக்கு மேல இருக்கற சுரப்பி அட்ரினலின்னு ஒண்ண ரத்தத்துல விடும். பிரஷர் ஏறும். இவங்களுக்குப் பயமே இல்லாம அது கொட்டுதோன்னு சந்தேகம். மூத்திரத்துல அளந்துடலாம்."

ஒரு நாள் முழுக்கப் போகும் சிறுநீரை ஆசிட் விட்ட கேனில் சேர்க்க வேண்டும். காபி, வாழைப்பழம் கூடாது. பிறகு வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். அதைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏற அப்பாதுரை கூச்சத்தில் நெளிந்தான்.

"குடுடா இங்க" என்று ராஜம்மாள் கேனைப் பிடுங்கினாள். "நடிக்கிறாளா இல்லியானு நானே கேட்டுட்டு வரேன்."

4

பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர், நெற்றி நிறைய விபூதி. "அண்ணாமலையார் தீர்த்தமாம்மா?" என்று பயபக்தியோடு கையை நீட்டினார்.

ராஜம்மாள் கண்கூடச் சிமிட்டவில்லை. "வேண்டுதல் தீர்த்தங்க. வேலூர் போய்தான் தொறக்கணும்."

அவர் கேனுக்கு இன்னும் கொஞ்சம் இடம் விட்டு ஒதுங்கி உட்கார்ந்தார்.

5

"அட்ரினலின் ரொம்ப ஜாஸ்தியா இருக்கும்மா" என்றார்கள் வேலூரில்.

"அப்ப நடிக்கலியா?"

"இத யாராலயும் நடிச்சு வரவைக்க முடியாது."

ராஜம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவளே போய் மருமகளை அழைத்துவந்து சேர்த்தாள். சுரப்பியில் எலுமிச்சம்பழ அளவுக்கு வளர்ந்திருந்த கட்டியை எடுத்தார்கள். கன்னியம்மாள் பிழைத்தாள்.

6

முடிவு அ: மாமியார் மன்னிப்புக் கேட்கிறாள். (ராஜம்மாளா? நல்ல கதை.)

முடிவு ஆ: தை மாதம், பொங்கல் பொங்க, அப்பாதுரை தன் மனைவியின்... சேச்சே.

முடிவு இ: அடுத்த அறுப்பு. கன்னியம்மாள் குனிந்து மல்லாட்டை பிடுங்கினாள். வரப்பில் ராஜம்மாள்.

"செடி புடுங்குற லட்சணத்தப் பாரு. கீழ்பென்னாத்தூர்ல இதக்கூடச் சொல்லித் தரலியா?"

கன்னியம்மாள் நிமிர்ந்தாள். ராஜம்மாள் இறங்கி வந்து அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"வேர்க்குதா?"

"வெயிலுக்கு வேர்க்குது அத்த."

"நெஞ்சு?"

"சும்மாதான் இருக்கு."

"அப்ப வாயில என்ன கொழுக்கட்டையா? நான் திட்டுனதுக்குப் பதில் சொல்லுடி."

கன்னியம்மாளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இடுப்பில் கையை வைத்து, வாழ்க்கைப்பட்டு வந்ததிலிருந்து சேர்த்துவைத்ததையெல்லாம் தொண்டை திறந்து ஆரம்பித்தாள்.

சண்டையில் ஜெயித்தது யார் என்று நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். யாரை வேண்டுமானாலும் ஜெயிக்க வையுங்கள். 'நெஞ்சு படபடத்தது' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.