ஒரு டின்னுக்கு ஒரு கிண்ணம்

12-9-1957, வியாழன்.
புது அட்டை எழுதும்போது பழைய அட்டையைப் பார்த்து அப்படியே எழுதிவிட்டேன். டின் மாறியதைக் கணக்கில் கொள்ளவில்லை. சிறு பிழை.

டைரியில் இவ்வளவையும் எழுதிவிட்டுத் தெய்வசிகாமணி பேனாவை மூடினான். மாலை வகுப்பில் ஆங்கில வாத்தியார் மற்றவர்களின் நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தார். எழுதியதை இன்னொரு முறை படித்தான். பயமாவது வந்திருக்க வேண்டும். அதுவும் வரவில்லை. கையில் மண்ணெண்ணெய் நாற்றம் மட்டும் இருந்தது.

புதுச்சேரியில் உப்பளம் பகுதியில் தேவதாஸ் மேஸ்திரியின் ஸ்கூட்டர் பட்டறையில் அவனுக்கு வேலை. ஸ்பானர் பிடிப்பதோடு, ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, என்ன செய்தோம், ஏன் செய்தோம் என்று பதிவேட்டில் எழுதி வைப்பதும் அவன் பொறுப்பு. அதில் நீளமான பக்கம் உத்திராபதியின் வண்டிக்கு. அவர் அரியாங்குப்பத்துக்காரர். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு, சைகோனிலிருந்து கப்பலில் அந்த ஸ்கூட்டரோடு வந்து இறங்கியவர். தினமும் கடலூருக்குப் போய், இங்குள்ள மருந்துக் கடைகளுக்குச் சரக்குக் கட்டிக்கொண்டு வருவார். வண்டி அறுபத்தோராயிரம் கிலோமீட்டர் ஓடியிருந்தது. இரண்டாயிரத்துக்கு ஒரு தடவை புகைக்குழாயைக் கழற்றிக் கரி சுரண்டியது, பிளக்கைத் துலக்கியது, நாற்பதாயிரத்தில் பிஸ்டன் வளையம் மாற்றியது, எல்லாம் அந்தப் பக்கத்தில் இருந்தன. சிலிண்டரை மட்டும் ஒரு தடவைகூடக் கடைய வேண்டியிருக்கவில்லை. மேஸ்திரி புது ஆட்களிடம் அந்த வண்டியைக் காட்டித்தான் பேச்சைத் தொடங்குவார்.

அந்த எஞ்சினுக்குத் தனி எண்ணெய் கிடையாது. பெட்ரோலில் கலந்து ஊற்றுகிற எண்ணெய்தான் உள்ளே போய்ப் பிஸ்டனை நனைக்க வேண்டும். கலந்து ஊற்றுகிறவர் உத்திராபதியின் மனைவி அஞ்சலாட்சி. அவருக்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும், கணவர் பார்த்துக்கொள்ளட்டும் என்று அடுப்படிச் சுவரில் ஓர் அட்டை தொங்கியது: ஒரு டின்னுக்கு ஒரு கிண்ணம். புதுச்சேரி பம்பில் லிட்டர் கணக்கு. டின்னும் ஒரு லிட்டர் டின்தான்.

போன வாரம் உத்திராபதி கடலூரிலேயே பெட்ரோல் வாங்க ஆரம்பித்தார். அங்கே காலன் கணக்கு. டின்னும் காலன் டின் ஆயிற்று.

"அட்டை எண்ணெ பட்டு மங்கிப்போச்சு தம்பி. பெரிய டின்னுக்குத் தக்கபடி புதுசா ஒண்ணு எழுதிக் குடு" என்று அவர் சொல்லத்தான் சொன்னார். தெய்வசிகாமணி ஸ்கேல் வைத்து ஓரம் போட்டான். 'ண்' சரியாக விழவில்லை என்று இரண்டு தடவை அழித்து எழுதினான். எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தவன் கணக்கைப் பார்க்கவில்லை. காலன் என்பது நாலரை லிட்டர்.

சனிக்கிழமை அவனே போய் அட்டையை மாட்டிப் படித்தும் காட்டினான்.

அஞ்சலாட்சி டின்னைப் பார்த்தார், கிண்ணத்தைப் பார்த்தார். "பெரிய டின்னாச்சே தம்பி, ஒரு கிண்ணம் போதுமா?"

பட்டறையைப் பூட்டினோமா என்று பாதித் தெருவிலிருந்து திரும்பிப் போய்ப் பார்க்கிறவன் அவன். அன்றைக்கு மட்டும் சந்தேகமே வரவில்லை. "எழுதினபடி ஊத்துங்கக்கா."

இன்று காலை வண்டி கட்டை வண்டியில் வந்து இறங்கியது. கிருமாம்பாக்கம் தாண்டி, ஓடிக்கொண்டிருந்தபோதே சக்கரம் இறுகி நின்றுவிட்டதாம். உத்திராபதியின் முழங்கையில் தோல் உரிந்திருந்தது.

மேஸ்திரி சிலிண்டரைக் கழற்றினார். கழற்றியது என்று சொல்ல முடியாது. மரச் சுத்தியால் தட்டித் தட்டிப் பிரித்தார். பிஸ்டன் நெடுகப் பூனை பிறாண்டியது போல் கோடுகள்.

"சொட்டு எண்ணெ இல்ல முசே. வெறும் பெட்ரோல்ல ஓட்டியிருக்கீங்க." பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவரை மேஸ்திரி மரியாதையாக முசே என்றுதான் அழைப்பார்.

"நான் எங்க கலக்குறேன்? எல்லாம் அவதான்." உத்திராபதி பையிலிருந்து அட்டையையும் கிண்ணத்தையும் எடுத்துப் பெஞ்சில் வைத்தார். "பாரு மேஸ்திரி, புள்ள எவ்ளோ அழகா எழுதிக் குடுத்திருக்கான். ஒரு கிண்ணம் ஊத்த வலிக்குதா அவளுக்கு? ஊத்தினேன் ஊத்தினேன்னு சாதிக்கிறா. பொய்யி. உங்கம்மா வூட்டுக்கே போயிடு, நான் கூப்புட்டாதான் வரணும்னு சொல்லிட்டேன்."

மேஸ்திரி அட்டையைத் தூக்கிப் பார்த்தார். டின் மாறியது அவருக்குத் தெரியாது. "தெய்வமே எழுதின எழுத்து. இதுக்கு மேல என்னா வேணும்?" என்று சிரித்தார். பிறகு அவனிடம், "காரணம்ங்கிற எடத்துல எழுதிடு, வூட்ல எண்ணெ ஊத்தலன்னு."

தெய்வசிகாமணி அட்டையைப் பார்த்தான். டின்னை நினைத்தான். அப்போதே தெரிந்துவிட்டது. பதிவேட்டைத் திறந்து, காரணம்: வீட்டில் எண்ணெய் கலக்கவில்லை என்று எழுதினான். எழுத்து நேராக விழுந்தது.

மதியம் மேஸ்திரி சாப்பிடப் போயிருந்தபோது அஞ்சலாட்சி வந்தார். இடுப்பில் துணி மூட்டை. அம்மா ஊரான பாகூருக்குப் பஸ் வர நேரமிருக்கிறது என்றார். பிரித்துப் போட்டிருந்த எஞ்சினைக் குனிந்து பார்த்தார். தொடவில்லை.

"தம்பி, ஒரு கிண்ணம்னுதானே எழுதியிருந்தே?"

"ஆமாக்கா."

"ஒவ்வொரு தடவையும் வழிச்சி வழிச்சி ஊத்தினேன். கிண்ணத்துல ஒட்டினதக்கூட வுடல."

அவன் ஒரு போல்ட்டை எடுத்துத் துடைத்தான்.

"அப்ப எம்மேல தப்பில்ல" என்றார் அவர், யாரிடமோ சொல்வதுபோல. "வண்டிக்கு வயசாயிடுச்சி. அத அவரு ஒத்துக்கமாட்டாரு." மூட்டையை மாற்றி வைத்துக்கொண்டு நடந்தார். அவர் தெருமுனை திரும்புகிற வரையில் தெய்வசிகாமணி போல்ட்டுகளை மண்ணெண்ணெயில் கழுவிக்கொண்டிருந்தான். ஏற்கெனவே கழுவியவைதான்.

மாலை வகுப்பில் வாத்தியார் அவன் ஆங்கில நோட்டைத் திருத்தி நீட்டினார். "தப்பே இல்லப்பா. கையெழுத்தும் நல்லாருக்கு."

"சரிங்க சார்" என்று வாங்கிக்கொண்டான். வகுப்பு கலைந்தது. அவன் மட்டும் பெஞ்சிலேயே உட்கார்ந்து டைரியை மறுபடி திறந்தான். சிறு பிழை என்பதற்குக் கீழே எழுதினான்:

நாளை: காலை முதல் பஸ்ஸில் பாகூர். அட்டை, கிண்ணம் இரண்டையும் கொண்டு போக வேண்டும். அஞ்சலாட்சி அக்காவிடம், அட்டைதான் தப்பு, நாலரைக் கிண்ணம் ஊற்றியிருக்க வேண்டும் என்று சொல்ல வேண்டும். அவர் வந்தால் அழைத்துக்கொண்டு, வராவிட்டால் தனியாக, அரியாங்குப்பம். உத்திராபதி அண்ணனிடம் அதையே சொல்ல வேண்டும். பிறகு பட்டறை. மேஸ்திரி வந்ததும் அவர் எதிரில் பதிவேட்டில் காரணத்தை அடித்து, என் பெயரைப் போட்டுத் திருத்த வேண்டும். சிலிண்டரைக் கடைசலுக்குக் கொடுக்க வேண்டும்.