கிரேன் கொக்கி

காலை எட்டு மணிக்குள் வெண்டெல் சோப்கோ நாலு தடவை எழுந்து நடந்துவிட்டான். யங்ஸ்டவுன் யூனியன் ஹாலின் பின்னறைக்கு நீளம் பதினாறு அடிதான். நடக்க அது போதவில்லை.

உருக்காலையில் இருபத்தோரு வருஷம் எலக்ட்ரீஷியனாக இருந்தவன். ஆலையை மூடிய பிறகு சலவைக்கடைகளில் மெஷின் ரிப்பேர் செய்கிறான். சனிக்கிழமைகளில் மட்டும், வேலை போன மற்றவர்களுக்கு இந்த அறையில் கம்ப்யூட்டர் வகுப்பு. டெலிபோன் ஆபீஸ் கழித்துப் போட்ட பதினோரு பழைய யூனிக்ஸ் கம்ப்யூட்டர் பெட்டிகள்தான் வகுப்பின் சொத்து. இப்போதைக்கு அவற்றில் எழுத்து மட்டும் வரும், படம் வராது. திரையில் மவுஸை வைத்துப் படம் போடத் தெரிந்தவன்தான் எங்களுக்கு வேண்டும் என்று கம்பெனிகள் சொல்லிவிட்டன. மாவட்ட ஆபீஸிலிருந்து மிஸஸ் பெக்வித் இன்று பத்து மணிக்குப் பார்க்க வருகிறாள். திரையில் ஜன்னல்கள் திறந்தால் வகுப்பு நடக்கும். இல்லாவிட்டால் பெட்டிகள் பழைய இரும்புக்கு, அறை பிங்கோ ஆட்டத்துக்கு.

பல்கலைக்கழகங்களில் பெரிய மெஷின்களில் ஓடும் எக்ஸ் என்ற ஜன்னல் மென்பொருளை இந்தக் கிழட்டுப் பெட்டியில் ஓட வைக்கிறேன் என்று வாக்குக் கொடுத்தவன் வெண்டெல்தான். மினசோட்டாவிலிருந்து ஒருவன் பதினேழு ஃப்ளாப்பிகளைத் தபாலில் அனுப்பினான். எட்டு வாரம் போயிற்று. ஒவ்வொரு தடவையும் அதை மெஷினுக்குப் புரியும்படி மாற்றி, கம்பைல் ஆக ஒன்பது மணி நேரம். ஓட விட்டுவிட்டுச் சலவைக்கடைக்குப் போவான். கை அங்கே, மனசு இங்கே. திரும்பி வந்தால் ஏதாவது ஒரு வரியில் முட்டிக்கொண்டு நிற்கும்.

நேற்று மதியம் முட்டாமல் முடிந்தது. ஆனால் டிஸ்க் நிறைந்துவிட்டது. இடம் வேண்டி, தேவையில்லாத எழுத்துருக்களை அழித்தான். ஹீப்ரு போயிற்று, ஜப்பான் எழுத்து போயிற்று. ஒன்றில் எழுத்தே இல்லை, குட்டிக் குட்டிப் படங்கள்தான். கல்யாணப் பத்திரிகை ஓரத்துப் பூ மாதிரி ஏதோ அலங்காரம் என்று அதையும் தூக்கினான். அவை வந்த ஃப்ளாப்பியின் மேலேயே, கம்பைல் ஆகி வந்ததைப் பதிந்தும் வைத்தான்.

இப்போது ஓட்டினால் திரை சாம்பல் நிறத்துக்கு மாறுகிறது, ஒரு நொடியில் செத்துவிடுகிறது.

மவுஸ்தான் கோளாறு என்று அதைக் கழற்றி, உள்ளே உருளும் பந்தை ஸ்பிரிட்டில் துடைத்தான். கேபிளை மாற்றினான். ஒன்பதாகிவிட்டது. ஆலையில் கிரேன் ஓட்டிய லாஸ்லோ பென்கோ டோனட் பெட்டியோடு வந்து நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தான்.

"என்னடா, எலிக்குப் பிரசவமா?"

"வாய மூடிட்டு இரு, லாஸ்."

"திரையில என்னமோ எழுதி வச்சிட்டுத்தான் சாவுது. படிச்சியா?"

படிக்கவில்லை. பதற்றத்தில் கண்ணில் படவில்லை. படித்தான். மவுஸ் சுட்டியின் எழுத்துரு கிடைக்கவில்லை என்று இருந்தது. திரையில் மவுஸோடு ஓடும் அம்பும் ஓர் எழுத்துதான், அந்தக் குட்டிப் படங்களில் ஒன்றுதான் என்று அப்போதுதான் உறைத்தது. அதைத்தான் நேற்று அழித்திருந்தான்.

மினசோட்டாவுக்குப் போன் போட்டான். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

பிறகு அம்பைத் தானே வரையக் கட்டம் போட்ட தாளை இழுத்தான். பதினாறு கட்டம் அகலம், பதினாறு உயரம். கறுப்பு ஒன்று, வெள்ளை பூஜ்யம். சுவிட்ச் பலகைக்கு வரைபடம் போட்ட கைதான். ஆனால் கோடு வளைந்தது. அழிக்க நேரமில்லை. வரிசை வரிசையாக எண்ணாக்கித் தட்டினான். அழிந்த குட்டிப் படங்களின் எல்லா இடத்துக்கும் அதே ஒரு படத்தைக் கொடுத்தான்.

பத்தாக ஏழு நிமிஷம். திரை சாம்பலானது. சாகவில்லை. நடுவில் கறுப்பாக ஒன்று தொங்கியது.

லாஸ்லோ எட்டிப் பார்த்தான். "அம்பா இது? நம்ம மூணாம் நம்பர் கிரேனோட கொக்கிடா."

மிஸஸ் பெக்வித் கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்தாள். ஜன்னல்கள் திறந்து கிடந்தன, கடிகாரம் ஓடியது. அவள் கொக்கியின் முனையை ஒரு ஜன்னலின் தலைப்பில் வைத்து அமுக்கினாள். அசையவில்லை. மறுபடி அமுக்கினாள். உதட்டைப் பிதுக்கினாள்.

வெண்டெலுக்குப் புரிந்தது. அவசரத்தில், ஜன்னலைப் பிடிக்கும் புள்ளியை முனையில் வைக்காமல் எங்கேயோ வைத்திருக்கிறான். எங்கே? தாளைத் தேடினான். அது டோனட் பெட்டிக்கு அடியில் எண்ணெய் குடித்துக் கிடந்தது.

"ஓடலையே, மிஸ்டர் சோப்கோ," என்றாள் அவள்.

லாஸ்லோ எழுந்து வந்தான். "முனையில யாரும் பாரம் தூக்க மாட்டாங்க, மேடம். வளைவுல மாட்டுங்க."

அவள் அவனை ஒரு மாதிரி பார்த்துவிட்டு வளைவைக் கொண்டுபோய் வைத்தாள். அமுக்கி இழுத்தாள். ஜன்னல் கூடவே வந்தது. திரையின் மறுகோடிக்குக் கொண்டுபோய் விட்டாள். பிறகு இன்னொன்றை இழுத்தாள். கடிகாரத்தையும் இழுத்தாள்.

"செப்டம்பர் வரைக்கும் தரேன்," என்று எழுந்தாள். "பதினொண்ணும் ஓடணும்."

அவள் போனதுமே வெண்டெல் விசைப்பலகையை இழுத்தான், புள்ளியை முனைக்கு மாற்ற.

"தொடாத," என்றான் லாஸ்லோ. "நம்ம ஆளுங்களுக்கு இதுதான் கை வரும்."

வெண்டெல் கையை எடுத்தான். கால் மட்டும் மேஜைக்கு அடியில் ஆடிக்கொண்டே இருந்தது. இன்னும் பத்துப் பெட்டி. ஒவ்வொன்றுக்கும் பதினேழு ஃப்ளாப்பி.