வில்லுக்குப் போட்ட பித்தளைப் பூண்

கோயிலுக்கு டியூப்லைட் வாங்கிக் கொடுத்துவிட்டு, வெளிச்சம் வருகிற இடத்திலெல்லாம் தன் பெயரை எழுதிவைப்பவனைப் பார்த்துச் சிரிக்காத ஊர் இல்லை. கன்னியப்பனும் சிரித்தவன்தான். ஆனால் காயலான் கடையில் நல்ல பித்தளைக் கட்டை ஒன்று கண்ணில் பட்ட நாளில் அவனுக்கும் அந்தப் பித்து பிடித்துவிட்டது. ஸ்ரீபெரும்புதூர் ரோட்டில் ஒரு கம்பெனியில் அவன் டர்னர். லேத் முன்னால் நின்றால் ஒரு நூல் பிசகாமல் கடைவான். சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டு, சாப்பாட்டு நேரத்தில் அந்தக் கட்டையை அறுத்துக் கடைந்து, திரௌபதி அம்மன் கோயில் வில்லுக்கு முனைக்கு ஒன்றாக இரண்டு பூண் செய்தான். தங்கம் தோற்றது போங்கள். இரண்டிலும் ‘உபயம்: மு. கன்னியப்பன், டர்னர்’ என்று வெட்டினான். டர்னர் என்பதையாவது விட்டிருக்கலாம். விட மனசு வரவில்லை.

வல்லக்கோட்டைக்குப் போகிற வழியில் இருக்கிறது அந்த ஊர். அக்கம்பக்கத்தில் எல்லாம் திரௌபதி கல்யாணத்துக்குப் பொம்மை வில்லை வளைத்து, பூச்சுற்றிய அம்பு ஒன்றைத் தூக்கிப் போட்டுவிட்டு வேலையை முடித்துக்கொள்வார்கள். இந்த ஊரில் அது செல்லாது. ஆள் உயரத்துக்குக் கல்மூங்கில் வில் உண்டு. அர்ச்சுனனுக்காகக் காப்புக் கட்டிக்கொண்ட ஆள், கம்பத்து உச்சியில் தொங்கும் மரமீனை மூன்று அம்புக்குள் மெய்யாகவே அடித்து வீழ்த்தவேண்டும். மீன் விழுந்தபிறகுதான் பூசாரி அம்மன் கழுத்தில் தாலி கட்டுவார். வில் வளைப்பு என்று அதற்குப் பெயர்.

பூண் போட்ட வருஷம் காப்புக் கட்டியிருந்தவன் சுப்பன், கன்னியப்பனின் மனைவி மஞ்சுளாவுக்கு அண்ணன். பல வருஷமாக அவன்தான் அடிப்பான். முதல் அம்பிலேயே அடிப்பான். அதிகம் பேசாத மனுஷன். அவனுக்குக் கிடைத்த மாலையையும் பரிவட்டத்தையும் பார்த்துப் பார்த்துக் கன்னியப்பனுக்கு உள்ளுக்குள் புகைந்துகொண்டிருந்தது என்பதையும் சொல்லிவிடவேண்டும். அடிக்கிறவன் எவனாக இருந்தால் என்ன, வில்லில் இருப்பது நம் பெயர்தானே என்று நினைத்தான்.

திருவிழா அன்று காலையில்தான் மேளம் கொட்டிப் பூணை மாட்டினார்கள். அதுவரை சுப்பன் பழகியதெல்லாம் வெறும் வில்லில். முதல் அம்பு மீனுக்கு ஒரு முழம் கீழே போயிற்று. சுப்பன் தன் இடது கையை யாருடைய கையோ என்பதுபோலப் பார்த்தான். அடுத்த அம்பு பந்தல் மேல் ஏறிக்கொண்டது. கடைசி அம்பு எங்கே போனது என்று இன்றுவரை தெரியாது. அம்பு கிளம்பின வேகத்தில் வில்லும் கையிலிருந்து தெறித்துத் தரையில் விழுந்தது.

“வில்லு உதைக்குதுபா,” என்றான் சுப்பன், மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு.

முன்வரிசையில் நின்ற கன்னியப்பன் சும்மா இருந்திருக்கலாம். “ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்!” என்றான். அதற்கு எழுந்த சிரிப்பு அவனுக்குப் போதவில்லை. “உதைக்கறது வில்லு இல்ல மச்சான். காலையிலேயே ஊத்திக்கினு வந்தியே, அது! டேய், அந்தத் துரட்டிய எடுத்தாங்கடா!”

ஆட்டுக்குத் தழை ஒடிக்கிற துரட்டிக்கோலால் மீனை இழுத்துப்போட்டுத்தான் அந்த வருஷம் அம்மனுக்குக் கல்யாணம் நடந்தது. சுப்பனுக்குத் துரட்டி என்ற பெயர் அன்றைக்கே ஒட்டிக்கொண்டது. காப்புக் கட்டிக்கொண்டு குடித்தவன் என்ற பேச்சு அதைவிட மோசம். ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் கொஞ்சம் போடுவான்தான். ஆனால் காப்புக் கட்டியபின் மோந்துகூடப் பார்த்ததில்லை. அவன் கோயில் பக்கம் வருவதை விட்டான். தங்கை வீட்டுக்கு வருவதையும் விட்டான். மஞ்சுளா ஒரு வருஷமாக அண்ணன் வீட்டுக்குத் தனியாகத்தான் போய்வந்தாள்.

அடுத்த வருஷம் தொண்ணூற்றொன்று. வைகாசியில் நடக்கவேண்டிய திருவிழா, நாட்டுக்கே வந்த துக்கத்தாலும் ரோடு முழுக்க நின்ற போலீஸாலும் ஆடிக்குத் தள்ளிப்போயிற்று. இந்தத் தடவை காப்பு யாருக்கு என்று கேட்டபோது கன்னியப்பன் தானாகவே கையைத் தூக்கினான். லேத் பிடிக்கிற கைக்கு ஒரு மரமீன் பெரிய காரியமா?

காப்புக் கட்டிய அன்றைக்கே பழகுவதற்கு வில்லை ஏரிக்கரைக்கு எடுத்துப்போய், வைக்கோல் போரைக் குறிவைத்து முதல் அம்பை விட்டான். யாரோ கடப்பாரையால் வில்லை ஓங்கி அடித்ததுபோல இருந்தது. அதிர்ச்சி உள்ளங்கையில் ஏறி, முழங்கை வழியாகப் பல்வரைக்கும் போயிற்று. அம்போ போருக்கு முன்னாலேயே சோம்பேறித்தனமாகப் படுத்துக்கொண்டது. பிடி போதவில்லை போலிருக்கிறது என்று அடுத்த தடவை இறுக்கிப் பிடித்தான். உதை இரட்டிப்பாயிற்று. அதற்கும் அடுத்த தடவை, உதை வரப்போகிறதே என்று நாணை விடுவதற்கு முன்பே கை தானாகக் கூசியது. அம்பு எங்கோ போயிற்று. போன வருஷம் சுப்பனின் அம்பும் இப்படித்தான் போனது.

முழங்கையை விறைக்காமல் லேசாக மடக்கிப் பார்த்தான். வில்லைக் கட்டைவிரல் இடுக்கில் சும்மா தாங்கிக்கொண்டு மற்ற விரல்களைத் தளர்த்திப் பார்த்தான். கொஞ்சம் கனமான அம்பாகப் போட்டுப் பார்த்தான். உதை குறைந்தது, ஆனால் போகவில்லை. வியர்த்து விறுவிறுத்து உட்கார்ந்து வில்லை மடியில் கிடத்தியபோது, இரண்டு முனையிலும் அவன் பெயர் மின்னியது.

அவன் டர்னர். நீளமான கம்பியின் நுனியில் கனம் இருந்தால் லேத்தில் அது என்ன உதறு உதறும் என்று தினமும் பார்க்கிறவன். இரண்டு பூணையும் தட்டிக் கழற்றினான். ஒவ்வொன்றும் கால் கிலோவுக்குக் குறையாது. வெறும் வில்லில் அம்பை விட்டான். போரில் போய்ச் சொருகிக்கொண்டு நின்றது. வில் கையில் பூனைக்குட்டி மாதிரி இருந்தது.

சந்தோஷப்பட வேண்டியவன், முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு கரையிலேயே உட்கார்ந்துவிட்டான். அங்கே யாரும் இல்லை. ஆனாலும் வெட்கம் பிடுங்கித் தின்றது. காப்புக் கட்டின மனுஷனைக் குடிகாரன் என்று ஊர் முன்னால் சொன்னது அவன் வாய். அந்த மனுஷனின் கையைக் கெடுத்ததும் அவன் பூண்தான்.

நேராகச் சுப்பன் வீட்டுக்குப் போயிருக்கவேண்டும். சைக்கிளை அந்தப் பக்கம் திருப்பவும் செய்தான். சுப்பன் வாசலில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தான். கன்னியப்பன் பெல்லை அடித்துவிட்டு, நிற்காமல் போய்விட்டான். மறுநாள் கம்பெனியில் மெல்லிய பித்தளைக் குழாயில் இன்னொரு ஜோடி பூண் செய்தான். பார்வைக்கு அச்சு அசல் அதேதான். உள்ளே வெறும் காற்று. அதிலும் தன் பெயரை வெட்டினான், டர்னரோடு சேர்த்து. பழைய ஜோடியை வீட்டு அரிசி டிரம்முக்குள் புதைத்தான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். இவன் அவசரக்காரன், அரிசியிலேயே மறைத்தான்.

உலை வைக்கப்போன மஞ்சுளாவின் கைக்கு அது தட்டுப்படாமல் இருக்குமா?

“இன்னாங்க இது? வில்லுல ஒரு ஜோடி கீது, இங்க ஒரு ஜோடி கீது?”

“ஸ்பேர்,” என்றான் கன்னியப்பன்.

இப்போது வில்லில் இருக்கிற ஜோடியைப் புளி போட்டுத் துலக்கிக் கொடுத்தவளே அவள்தான். இதன் கனத்தைக் கையில் ஏந்திப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டுத் தொலைத்திருந்தால் அவனுக்கு நன்றாக இருந்திருக்கும்.

திருவிழா அன்று கன்னியப்பன் முதல் அம்பிலேயே மீனை அடித்து வீழ்த்தினான். கூட்டம் கோவிந்தா போட்டது. பூசாரி அம்மனுக்குத் தாலி கட்டினார். கன்னியப்பனுக்குப் பரிவட்டம் கட்டி மாலை போட்டார்கள். மைக் செட் மாரிக்கு உற்சாகம் தாங்கவில்லை. “போன வருசமும் இதே வில்லு! இதே பூணு! அடிக்கிற கை அடிச்சா எப்புடி வுழுது, பாத்துக்குங்க!” என்று நாலு ஊருக்குக் கேட்கக் கத்தினான். ஆசைப்பட்ட மாலைதான். கழுத்தில் கம்பளிப்பூச்சி ஊர்வதுபோல இருந்தது.

அப்போதுதான் வேப்பமரத்தடியில் சுப்பன் நிற்பதைப் பார்த்தான். ஒரு வருஷம் கழித்து வந்திருக்கிறான். கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராகக் கன்னியப்பனிடம் வந்தான்.

“நல்லா அடிச்ச மாப்ள,” என்றான். அதில் குத்தல் எதுவும் இல்லை. “ஒரு வாட்டி வில்லப் புடிச்சுப் பாக்கட்டா? சும்மாத்தான்.”

கொடுக்காமல் இருக்க முடியுமா? கொடுத்தான். சுப்பன் வில்லை இடது கையில் வாங்கினான், மேலும் கீழும் ஒருமுறை அசைத்தான். அவன் முகம் மாறியது. நகத்தால் பூணைச் சுண்டினான். காலி டப்பா மாதிரி சத்தம் வந்தது.

“பூணு எளச்சிப்போச்சே மாப்ள.”

கன்னியப்பன் தலையைக் குனிந்துகொண்டான். மாலை இன்னும் கனத்தது.

“எப்ப தெரிஞ்சுது ஒனக்கு?”

“காப்புக் கட்டின அன்னிக்கு, மச்சான். ஏரிக்கரையில.”

“அன்னிக்குத்தான் எங்க வூட்டாண்ட பெல் அடிச்சிக்கினு போன.” சுப்பன் குரலை உயர்த்தவே இல்லை. “ஒரு வார்த்த எறங்கி வந்து சொல்லியிருக்கலாமே. ஒரு வருசமா சோறு துன்னும்போதெல்லாம் கையத்தான் பாத்துக்கினு கீறேன். நடுங்குதா, இல்லியான்னு.”

வில்லைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மரத்தடிக்குப் போனான். திட்டியிருந்தால் பதிலுக்கு இரண்டு வார்த்தை பேசித் தப்பித்திருக்கலாம். கன்னியப்பன் மாலையைக் கழற்றி மாரியின் மேஜைமேல் வைத்துவிட்டு மைக்கைப் பிடுங்கினான்.

“போன வருசம் தப்பு சுப்பன் மச்சான் கையில இல்ல. நான் போட்ட பூணுல. அது கனம். அதான் வில்லு உதைச்சுது. அவரு குடிக்கல. நான்தான் வாய்க்கு வந்ததச் சொன்னேன்.”

ஊர் கை தட்டியது! மாரி மைக்கை வாங்கிக்கொண்டான். “பாத்தீங்களா! ஜெயிச்சவரு, தோத்த மச்சானுக்காகப் பழியத் தன் தலமேல போட்டுக்கிறாரு! இதுக்குப் பேருதான் பெரிய மனசு!”

கன்னியப்பன் மண்ணில் புதைந்துவிடலாம்போல நின்றான். பொய் சொன்னபோது மாலை போட்ட ஊர், உண்மையைச் சொன்னதற்கு இன்னொரு மாலை தேடிக்கொண்டிருந்தது. கூட்டத்துக்குள்ளிருந்து மஞ்சுளா வந்தாள். முந்தானையில் எதையோ முடிந்து, இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டு வந்தாள். முடிச்சை அவிழ்த்து, பழைய பூண் இரண்டையும் மேஜைமேல் வைத்தாள். மேஜை அதிர்ந்தது.

“பேசினது போதும்,” என்றாள். “இத்த மாட்டிக் காமிங்க.”

காலையிலிருந்து அதைச் சுமந்துகொண்டு நின்றிருக்கிறாள்!

கன்னியப்பன் இளைத்த பூணைக் கழற்றிவிட்டுக் கனத்த பூணை மாட்டினான். மீனைத் திரும்பக் கட்டச் சொன்னான். கல்யாணம் முடிந்தபிறகு இது என்ன கூத்து என்று பூசாரி முணுமுணுத்தார். ஆனால் அவருக்கும் பார்க்க ஆசைதான். அம்பைத் தொடுத்தபோது கன்னியப்பனுக்கு ஒன்று தோன்றியது. அடித்துவிட்டால் சொன்ன உண்மை பொய்யாகிவிடும். அடிக்காவிட்டால் மானம் போய்விடும். முழங்கையை மடக்கி, விரலைத் தளர்த்தி, ஏரிக்கரையில் கற்ற வித்தையையெல்லாம் காட்டினால் ஒருவேளை பட்டாலும் படும். ஆனால் சுப்பனுக்கு அந்த அவகாசத்தை யார் கொடுத்தார்கள்? காலையில் மாட்டி, அடி என்று கையில் கொடுத்தார்கள். கன்னியப்பன் ஒன்றும் தெரியாதவன் பிடிப்பதுபோல வில்லை இறுக்கிப் பிடித்து, மீனைப் பார்த்து நாணை விட்டான்.

கடப்பாரை அடி. அம்பு கம்பத்தின் பாதி உயரத்தில் பட்டுச் சரிந்தது. வில் தெறித்து விழுந்து, மண்ணில் ஒரு குதி குதித்தது. இடது கை அவனுடையதாகவே இல்லை.

பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

“இன்னா டர்னரு, காலையிலேயே ஊத்திக்கினியா? டேய், துரட்டிய எடுத்தாங்கடா!”

ஊர் விழுந்து விழுந்து சிரித்தது. அந்த வார்த்தைகள் கன்னியப்பனுக்குப் புதுசில்லை. செய்துபோட்டது அவன்தான். அவற்றுக்கு இவ்வளவு கனம் இருக்கும் என்றுதான் தெரிந்திருக்கவில்லை. மாரியும் சிரித்தான், பூசாரியும் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

சுப்பன் சிரிக்கவில்லை. மரத்தடியிலிருந்து வந்து, வில்லை எடுத்து மண்ணைத் துடைத்துப் பந்தல்காலில் சாய்த்து வைத்தான். கன்னியப்பனின் இடது கையைப் பிடித்து, மணிக்கட்டுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்தினான்.

“இங்கதான வலிக்குது?”

“ஆமா மச்சான்.”

“எனக்கு ஆனி முழுக்க வலிச்சுது,” என்றான் சுப்பன். கையை விடாமல் தேய்த்துக்கொடுத்தான். கன்னியப்பனால் அவன் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.