தப்பிப் பிழைத்த ராணி அறை

சலூன்காரர் தேனீ வளர்க்கத் தொடங்கி ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. கடைக்கு மேலேயே வீடு. மொட்டை மாடியில் ஒரே ஒரு தேன்பெட்டி. அந்தக் கோடையில் பெட்டி வாசலில் தேனீக்கள் தாடி போலக் கொத்தாகத் தொங்க ஆரம்பித்தன.

"உள்ள இடம் பத்தல போலிருக்கு," என்றாள் மனைவி.

"புழுக்கம். காத்து வாங்குதுங்க," என்று அவர் அடித்துச் சொல்லிவிட்டார்.

ஆனாலும் மனசு கேட்கவில்லை. மறுநாள் பெட்டியைத் திறந்து, தேனடை கட்டிய மரச்சட்டங்களை ஒவ்வொன்றாக உருவிப் பார்த்தார். அடைகளின் கீழ் விளிம்பில் வேர்க்கடலை போல நாலைந்து அறைகள் தொங்கின. புது ராணிகள் வளரும் அறைகள். புது ராணி வரப்போகிறது என்றால் பழைய ராணி பாதிக் கூட்டத்தோடு வெளியேறிவிடும் என்று அவர் படித்திருந்தார். கத்தி பிடித்த கை. அத்தனையையும் வழித்து எடுத்துவிட்டு நிம்மதியாகக் கீழே இறங்கினார். கூட்டத்துக்கு இடம் கொடுக்க வேண்டும் என்று மட்டும் தோன்றவில்லை.

சில நாள் கழித்து, எதிர்வீட்டுக் குமாஸ்தாவுக்குச் சவரம் செய்துகொண்டிருந்தார். பெட்டியை எடுத்தே ஆக வேண்டும் என்று இரண்டு முறை சண்டைக்கு வந்த மனிதர் அவர். பாதி முகம் முடிந்திருந்தது. திடீரென்று தெருவே இரைந்தது. மனைவி மாடிப்படியில் ஓடி வந்தாள்.

"எல்லாம் கிளம்பிடுச்சுங்க."

வெளியே வானத்தில் புகை போலச் சுழன்ற கூட்டம், மெல்ல இறங்கி வாசலில் நின்ற சைக்கிளின் கைப்பிடியில் பலாப்பழம் போல அப்பிக்கொண்டது.

"யோவ், அது என் சைக்கிள்யா," என்றார் குமாஸ்தா. பாதிக் கன்னத்தில் நுரை.

"தெரியுது சார். நான் அட்டைப்பெட்டியப் புடிக்கிறேன், நீங்க சைக்கிளத் தூக்கி ஒரு குலுக்கு குலுக்கணும்."

"நானா?"

"வயிறு முட்டத் தேன் குடிச்சிட்டுத்தான் கிளம்பும். இப்போ பெரும்பாலும் கொட்டாது."

"பெரும்பாலும்னா?"

அதற்குள் சலூன்காரர் அட்டைப்பெட்டியோடு கைப்பிடிக்கு அடியில் குனிந்துவிட்டார். குமாஸ்தா கண்ணை இறுக மூடிக்கொண்டு குலுக்கினார். பொத்தென்று கொத்தாக விழுந்தன. பழைய ராணியும் அட்டைப்பெட்டிக்குள் விழுந்திருக்க வேண்டும். வெளியே சிதறிய தேனீக்கள் அதைத் தேடி வரிசை கட்டித் தாமாகவே உள்ளே நடந்தன. "கொட்டவே இல்லையே," என்று தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார் குமாஸ்தா.

சாயங்காலம் அவற்றைக் குடிவைக்க இடமில்லாமல் சலூன்காரர் திருதிருவென்று விழித்தபோது, மனைவி ஒரு புதுத் தேன்பெட்டியைக் கொண்டுவந்து வைத்தாள். தச்சரிடம் சொல்லி முன்பே செய்து வைத்திருக்கிறாள்.

"இடம் பத்தலன்னு சொன்னேனே, காதுல வாங்கினீங்களா?"

அவர் அசடு வழிந்தார். பழைய பெட்டியைத் திறந்து பார்த்தால், சட்டத்தின் மூலையில் அவர் கண்ணுக்குத் தப்பிய ஒரு ராணி அறை இருந்தது. நுனி வட்டமாகத் திறந்திருந்தது. புது ராணி வெளியே வந்துவிட்டது.

"எல்லாத்தையும் வெட்டியிருந்தா இந்தப் பெட்டி ராணியில்லாம அழிஞ்சிருக்கும்," என்றார் மெதுவாக.

"நல்லவேளை, உங்களுக்குக் கண்ணு சரியில்ல," என்றாள் அவள்.

காலிச் சட்டங்கள் வைத்து இரண்டு பெட்டிகளுக்கும் இடம் கொடுத்தார்கள். சில வாரம் கழித்து குமாஸ்தாவோடு சேர்ந்து மூவரும் மாடியில் பழைய பெட்டியைச் சுற்றி நின்றார்கள். அடையை வெயிலுக்கு நேராகச் சாய்த்தபோது, அறைக்கு ஒன்றாக நூல்துண்டு போல வெள்ளை முட்டைகள், புது ராணி இட்டவை.

"எங்கய்யா, எனக்கு ஒண்ணும் தெரியலையே," என்று குமாஸ்தா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னும் கிட்டே குனிந்தார்.