இன்னொரு காது

2024 ஆகஸ்ட் 20, செவ்வாய்க்கிழமை. திருப்பூர் வீரபாண்டி பிரிவில் உள்ள ஒரு பனியன் கம்பெனியில், ஆறாயிரம் கறுப்பு டி-ஷர்ட்டுகளுக்கான முதுகுத் துணிகள் ஒரு வரி குறைவாக அச்சாகி முடிந்தன.

கம்பெனி முருகேஷுடையது. அப்பா சாமளாபுரத்தில் விசைத்தறி ஓட்டியவர். மகன் தறியை விட்டுப் பனியனுக்கு வந்தான். மற்றவர்கள் வாங்கிவரும் ஆர்டர்களைக் கூலிக்குத் தைத்துக் கொடுத்தே காலம் போய்க்கொண்டிருந்தது. வெளிநாட்டிலிருந்து அவன் கம்பெனி பெயருக்கே நேராக வந்த முதல் ஆர்டர் இது. கொண்டுவந்தவள் அவன் மனைவி வினிதா. சரக்கை வாங்கும் பையருக்கு மெயில் எழுதுவது, சாம்பிள் அனுப்பி ஒப்புதல் வாங்குவது, சந்தேகம் கேட்டால் விளக்குவது எல்லாம் அவள் பொறுப்பு. இதைச் சரியாக முடித்துக் கொடுத்தால் தொடர்ந்து ஆர்டர் தருவதாக பையர் சொல்லியிருந்தார். கூலித் தையலிலிருந்து கரையேற இதுதான் வழி என்று முருகேஷ் நம்பினான்.

சட்டைகள் ஃபின்லாந்தைச் சேர்ந்த ஒரு ஹெவி மெட்டல் குழுவின் ரசிகர்களுக்கானவை. முன்பக்கம் குழுவின் பெயர். எந்த எழுத்து எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று யாருக்கும் புரியவில்லை. புரொடக்‌ஷன் மேனேஜர் சாமியப்பன் அதைக் கண்ணாடியைக் கழற்றிவிட்டும் பார்த்தார், போட்டுக்கொண்டும் பார்த்தார்.

"ஏனுங்க தம்பி, இது எழுத்துங்களா, வேலாமுள்ளுங்களா? தலைகீழா அடிச்சாக்கூட ஒருத்தனும் கண்டுபுடிக்க மாட்டான்."

அன்றிலிருந்து கம்பெனியில் அதற்கு வேலாமுள்ளு ஆர்டர் என்று பெயர்.

முதுகில் வேறு விஷயம். பத்து ஆண்டுகளுக்கு முன்பு அந்தக் குழு ஓர் ஆல்பம் வெளியிட்டது. கேட்டிருக்கவே வேண்டாம் என்று நினைக்க வைத்த ஆல்பங்கள் எவை என்று மெட்டல் ரசிகர்கள் இணையத்தில் பேசிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. அங்கே இந்த ஆல்பத்தைப் பற்றித்தான் புலம்பல் அதிகம். மட்டமான இசை என்று சிலர். தூக்கம் போய்விட்டது என்று சிலர். இதற்குப் பிறகு வேறெந்தப் பாட்டும் ருசிக்கவில்லை, வாழ்க்கையைக் கெடுத்துவிட்டார்கள் என்று இன்னும் சிலர். குழுவினர் கோபித்துக்கொள்ளவில்லை. பத்தாம் ஆண்டு நினைவாக அந்தப் புலம்பல்களில் முப்பதைப் பொறுக்கி, அந்தந்த மொழியிலேயே சட்டை முதுகில் பொடி எழுத்தில் போடச் சொல்லிவிட்டார்கள். எழுதியவர் பெயர் கிடையாது. ஊர் பெயர் மட்டும்.

பையர் அனுப்பிய ஆங்கில விளக்கத்தை வைத்துக்கொண்டு வினிதா சாமியப்பனுக்குப் படித்துக் காட்டினாள்.

"இது போலந்துக்காரருங்க. 'என் நாய் இன்னும் கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வரவில்லை'ங்கறாரு. இது சிலியில ஒரு பல் டாக்டர். 'கிளினிக்கில் ஒருமுறை போட்டேன். உட்கார்ந்திருந்த மூன்று பேரும் பல்வலி போய்விட்டது என்று எழுந்து போய்விட்டார்கள்.'"

"நம்ம வெங்கிடாசலம் டாக்டரு கிளினிக்குல போட்டா பரவால்லீங்க அம்மிணி. கூட்டங் கொறையும்."

முருகேஷும் சிரித்தான். "பேய் புடிச்சவந்தான் இதெல்லாம் கேப்பான். நமக்கென்ன, துணி போனா சரி" என்றான். வினிதா அதற்கு மட்டும் சிரிக்கவில்லை. திரையைக் கீழே தள்ளிக்கொண்டே போனவள் பதினேழாவது வரியில் நின்றாள். வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். காது மடல் வரைக்கும் சிவந்துவிட்டது.

அந்த வரி தமிழில் இருந்தது.

'பொள்ளாச்சி பஸ்ஸில் ஒரு காதில் மட்டும் கேட்டேன். இறங்க வேண்டிய பல்லடம் போய்விட்டது. கேட்காமலே இருந்திருக்கலாம். – திருப்பூர்.'

"அட, நம்மூர்க்காரன்!" என்றார் சாமியப்பன்.

"ஆமாங்க. யாரோ" என்றாள் வினிதா.

அந்த 'யாரோ' முருகேஷின் மனதில் தைத்து நின்றது. வினிதா பல்லடத்துப் பெண். திருப்பூரில் கல்லூரி படித்தபோது மூன்று ஆண்டுகள் பொள்ளாச்சி பஸ்ஸில்தான் வீடு திரும்பினாள். பெண் பார்க்கப் போனபோதே அவள் அப்பா இதைப் பெருமையாகச் சொல்லியிருக்கிறார்: "காலேஜு உட்டா பஸ்சு, பஸ்ச உட்டா ஊடுங்க."

இரண்டு நாள் கழித்து பையரின் ஆபீஸிலிருந்து ஒரு பெண் வீடியோ காலில் வந்தாள். அச்சின் நிறம் பற்றிய பேச்சு எப்படியோ ஆல்பத்துக்குப் போனது. நாலாவது பாட்டின் நடுவே வருகிற அந்த அமைதி என்று வினிதா ஏதோ சொன்னாள். அந்தப் பெண் கையைத் தட்டினாள். இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். அடுத்த மேசையில் பில் பார்த்துக்கொண்டிருந்த முருகேஷ் நிமிர்ந்து பார்த்தான். கல்யாணமாகி நாலு வருடத்தில் அவள் தன்னிடம் அப்படிச் சிரித்ததாக அவனுக்கு நினைவில்லை.

"நீ இதக் கேட்டிருக்கியா?" என்றான் கால் முடிந்ததும்.

"காலேஜ் படிக்கையில கேட்டேனுங்க."

"யாருகூட?"

"பாட்ட யாருகூடங்க கேக்கறது?"

இயல்பாகத்தான் சொன்னாள். அவன் காதில் அது மழுப்பலாக விழுந்தது. ஹெட்போனுக்கு இரண்டு முனை. ஒன்று ஒருவர் காதில் என்றால் மற்றது இன்னொருவர் காதில். கல்லூரிப் பிள்ளைகள் அப்படித் தலையோடு தலை ஒட்டி உட்கார்ந்து கேட்பதை அவனே எத்தனையோ முறை பார்த்திருக்கிறான். அந்த வரியை எழுதியவன் ஒரு காதுக்காரன். இன்னொரு காது வினிதாவுடையது. இதைத் தவிர வேறு விதமாக அவனுக்குக் கணக்கு வரவில்லை.

மறுநாள் மதியம் காரை கம்பெனியிலேயே விட்டுவிட்டுப் பொள்ளாச்சி பஸ் ஏறினான். போனில் அந்த ஆல்பத்தை எடுத்து, ஒரு காதில் மட்டும் வைத்துக்கொண்டான். இந்தக் காதில் யாரோ கிணற்றுக்குள்ளிருந்து உறுமினார்கள். அந்தக் காதில் பஸ் ஸ்பீக்கர் சினிமாப் பாட்டைக் கொட்டிக்கொண்டிருந்தது. நாலாவது பாட்டு வந்தது. எல்லா வாத்தியமும் ஒரே இடத்தில் நின்றுபோயின. தூரத்தில் யாரோ மூச்சு விடுவது மட்டும் கேட்டது. வினிதா சொன்ன அமைதி இதுதான் போலிருக்கிறது. அந்த அமைதிக்குள் அவனுக்கு ஒரு தோள் தெரிந்தது, அதில் சாய்ந்த ஒரு தலை தெரிந்தது. அவசரமாக அடுத்த பாட்டுக்குத் தள்ளினான். அந்தத் தோளும் தலையும் போகவில்லை.

பல்லடம் வந்தது. கண்டக்டர் படியில் தொங்கியபடி தொண்டை கிழியக் கத்தினான். பாதி பஸ் எழுந்தது. ஒரு அம்மா வாழைக்காய்க் கூடையை முருகேஷின் முழங்காலில் இடித்து, "நவுரு கண்ணு" என்றாள். இந்தக் கூச்சலில் ஒருவர் இறங்காமல் போவதென்றால், அதற்குப் பாட்டு காரணமாக இருக்க முடியாது என்று அவன் முடிவு செய்தான்.

பஸ் ஸ்டாண்டில் ஹெட்போனைப் பிடுங்கிச் சட்டைப் பைக்குள் திணித்தான். இதைக் கேட்டிருக்கவே கூடாது என்று தோன்றியது. அது அந்த முதுகில் இருந்த முப்பது பேரும் சொன்னதுதான் என்பது அவனுக்கு உறைக்கவில்லை.

வினிதாவின் தங்கைக்கு வளைகாப்பு. இரண்டு நாள் அம்மா வீட்டில் இருந்துவிட்டு வருகிறேன் என்றாள்.

"கார்ல கொண்டு உடறேன்."

"வேண்டாங்க, அச்சு ஆரம்பிக்கற நேரத்துல நீங்க எதுக்கு அலையணும்? பஸ்லயே போயிக்கறேன்."

பஸ் என்ற சொல்லே அவனுக்கு ஆகாமல் போயிருந்தது.

அவள் போன அன்று அச்சு தொடங்கவிருந்தது. மேசையில் முதுகுத் துணிகள் வரிசையாக ஒட்டப்பட்டிருந்தன. அடிப்பவன் ஒடிசாவிலிருந்து வந்த தீனபந்து. கை சுத்தம், ஒரு பொட்டு மை சிந்தாது. தமிழ் பேசுவான், படிக்கத் தெரியாது. சாப்பாட்டு நேரத்தில் முருகேஷ் அச்சடிக்கும் ஸ்கிரீனைத் திருப்பி வைத்து, பதினேழாவது வரியின் மேல் பிரவுன் டேப்பை ஒட்டி நகத்தால் அழுத்தித் தேய்த்தான். டேப் இருக்கும் இடத்தில் மை இறங்காது. கைகழுவிவிட்டு வந்த தீனபந்து பார்த்தான்.

"கலத் ஹை க்யா, மாலிக்? தப்பா இருக்கா?"

"அந்த வரி கேன்சல். பையர் சொல்லிட்டாங்க. அடி."

ஆறாயிரம் துணியும் அந்த வரி இல்லாமல் காய்ந்தன. தையல், அயர்ன் என்று நகர்ந்தன. வளைகாப்பு முடிந்து வந்த வினிதா, ஒரு சட்டை எடுத்து வைக்கச் சொன்னாள். பேக்கிங் முடியட்டும் என்றான் முருகேஷ். பேக்கிங்கில் முதுகை உள்ளே மடித்துப் பையில் போட்டார்கள்.

செப்டம்பரில் பையர் தரப்பில் சரக்கைச் சோதிக்க மைதிலி வந்தாள். கறாரான பெண். டீ வேண்டாம், முதலில் சரக்கு என்றாள். நடுவிலிருந்து ஒரு பெட்டியைப் பிரிக்கச் சொன்னாள். ஒரு சட்டையை எடுத்து, ஒப்புதலான சாம்பிளின் பக்கத்தில் விரித்துப் போட்டு, விரலை மேலிருந்து கீழே ஓட்டினாள். விரல் நின்றது.

"இங்க ஒரு வரி காணோமே. தமிழ் வரி."

சாமியப்பன் குனிந்து பார்த்தார். "வேலாமுள்ளு சரியா இருக்குதுங்களேம்மா..."

"முள்ளு இருக்குதுங்க. பூவக் காணோம்" என்றாள் மைதிலி.

வினிதா சட்டையைக் கையில் எடுத்தாள். இரண்டு வரிகளுக்கு நடுவே கறுப்பாக ஒரு சந்து. நேராக அச்சு மேசைக்குப் போனாள். ஸ்கிரீன் சுவரோரம் சாத்தியிருந்தது. டேப்பை யாரும் இன்னும் உரிக்கவில்லை.

"தீனபந்து, இத யாரு ஒட்டினது?"

"மாலிக் நே லகாயா, தீதி. மொதலாளிதான் ஒட்டினாரு. பையர் கேன்சல் சொன்னாங்கன்னு."

திரும்பி வந்தாள். மைதிலி போனில் படம் எடுத்து பையருக்கு அனுப்பிக்கொண்டிருந்தாள்.

"இத நீங்களா பண்ணினீங்க?" என்று வினிதா முருகேஷிடம் கேட்டாள்.

அவன், பல நாள் வாய்க்குள் வைத்திருந்ததைத் துப்புவது போல, "யாரு அவன்?" என்றான்.

"எவன்?"

"எழுதினவன். ஒரு காது அவனோடது. இன்னொரு காது?"

சாமியப்பன் இல்லாத தூசியைப் பெட்டியிலிருந்து தட்டத் தொடங்கினார். வினிதாவுக்கு விளங்கச் சற்று நேரம் பிடித்தது.

"அது நான் எழுதினதுங்க" என்றாள். "ஹெட்போன்ல ஒரு பக்கம் செத்துப் போச்சு. புதுசு வாங்கிக் குடுக்கச் சொல்லிக் கேக்கப் பயம். இருக்கற பக்கத்துல கேட்டேன். பல்லடம் தாண்டிப் போச்சு. எறங்கித் திரும்பி வந்தா அப்பா ஸ்டாண்டுல நிக்கறாரு. எவன்கூடப் போய்ட்டு வரேன்னு கேட்டாரு. போனப் புடுங்கினவரு படிப்பு முடியற வரைக்கும் குடுக்கவே இல்ல."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"பேய் புடிச்சவங்கதான் கேப்பாங்கன்னு நீங்கதானுங்களே சொன்னீங்க? சட்டை வந்ததும் ஊட்டுல போட்டுக் காட்டிச் சொல்லலாம்னு இருந்தேன்." சட்டையை மடித்து மேசையில் வைத்தாள். "எங்கப்பாவும் அன்னிக்கு இதேதானுங்க கேட்டாரு."

அந்த ஒரு வரியை மட்டும் தனியாக அடித்துப் பார்த்தார்கள். தைத்து முடித்த சட்டையில் அது கோணலாக விழுந்தது. பையரின் பதில் மறுநாள் வந்தது. உலகத்தில் எந்த மூலையிலிருந்தெல்லாம் ஆட்கள் கேட்டிருக்கிறார்கள் என்று காட்டுவதற்கே அந்த வரியைக் குழுவினர் விரும்பிச் சேர்த்தார்களாம். சரக்கு வேண்டாம்.

சட்டைகள், தள்ளுபடிச் சரக்கு விற்கும் காதர்பேட்டைக்குப் போயின. தீபாவளிக்கு முன்பே ஊரெல்லாம் வேலாமுள்ளாகிவிட்டது. பல்லடத்தில் முட்டை வண்டிக்கு லோடு ஏற்றுகிறவன் போட்டிருந்தான். சாமளாபுரத்தில் முருகேஷின் அப்பாவுடைய பழைய தறிக்காரர் போட்டிருந்தார். "கறுப்பு, அழுக்குத் தெரியறதில்லீங்க தம்பி" என்றார். டீக்கடையில் முருகேஷ் ஒருவன் முதுகுக்குப் பின்னால் நின்று மேலிருந்து கீழே பார்த்தான். கறுப்புச் சந்து வந்ததும் கண் நின்றது. யார் போட்டிருந்தாலும் அங்கேதான் நின்றது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட உட்கார்ந்தபோது, சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டான்: "அந்த ஹெட்போனு இன்னும் இருக்குதா?"

வினிதா குழம்புக் கரண்டியைப் பாத்திரத்திலேயே விட்டுவிட்டு அவனைப் பார்த்தாள்.

"இல்லீங்க" என்றாள். "தூக்கிப் போட்டுட்டேன்."

அவன் தலையாட்டினான். பிறகு, "எப்போ?" என்றான்.

அவள் குழம்புப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மார்ச் மாதம் அதே சட்டைக்கு மறுபடி ஆர்டர் வந்தது. மங்கலம் சாலையில் உள்ள வேறொரு கம்பெனிக்குப் போனது. பதினேழாவது வரியோடு அச்சாகி, சோதனையில் தேறி, தூத்துக்குடியில் கப்பலேறியது. அந்தக் கம்பெனியில் அந்த ஆர்டரைப் பார்த்துக்கொண்ட மெர்ச்சண்டைசர் வினிதா. பிப்ரவரியில் அங்கே வேலைக்குச் சேர்ந்திருந்தாள். பஸ்ஸில் போய்வந்தாள்.