நாலு பக்கமும் ஐந்தடி

1.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை நான் தூக்கத்தில் திருடினேன். பலாங்கொடையிலிருந்து ஓப்பநாயக்க போகிற பஸ்ஸில், மத்தியானச் சாப்பாட்டு மயக்கத்தில் இருந்தேன். முன் சீட்டில் இரண்டு பெண்கள் ஒரு வீட்டைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார்கள். "நீ கேட்டுத்தான் ஆகணுமா?" என்றாள் ஒருத்தி. மற்றவள் வாயைத் திறப்பதற்குள் எனக்குக் கண் சொக்கிவிட்டது. விழித்தபோது இருவரும் இறங்கியிருந்தார்கள், வெளியே மூடுபனி. அவர்கள் யார், எதைக் கேட்க வேண்டும் என்பதெல்லாம் அரைத்தூக்கத்தில் நான் கட்டியது. குறை இருந்தால் என் தலையில் போடுங்கள்.

2.

முதல் வரியை மூன்று தடவை எழுதினேன்.

'அருள்செல்வி கையெழுத்துப் போட்ட அன்று மலையெங்கும் மழை' – வேண்டாம். எங்கள் பக்கம் எந்தக் கதையைத் தொட்டாலும் மழைதான்.

'பிரதேச சபையின் செலவினங்களை ஆராயும் பொருட்டு' – இதைப் படித்தால் நானே மூடி வைத்துவிடுவேன்.

'தேயிலைத் தோட்டத்து வரிசை வீட்டில், ஒரு லயத்துக் காம்பராவில் பிறந்த அருள்செல்வி, முப்பத்தெட்டு வயதில் பிரதேச சபைக்கு மெம்பராகப் போனாள்.' சரி, இது இருக்கட்டும். அழகில்லைதான், ஆனால் ஆள் தெரிகிறாள்.

மண்சரிவு அபாயம் என்று பலகை நட்ட ஒரு லயத்துக் குடும்பங்களுக்காக, அவளுடைய சபை பன்னிரண்டு வீடுகளை விலைக்கு வாங்கியது. கட்டியவர் ஒரு கொந்தராத்துக்காரர். பாதிப் பணம் கொடுத்தாயிற்று. மீதியைக் கொடுக்குமுன் வீடுகளைப் பார்த்துச் சரி சொல்ல மூன்று மெம்பர்கள் கொண்ட குழு. அருள்செல்வி அதில் ஒருத்தி. மற்ற இருவரும் அவளைப் போலவே லயத்துப் பிள்ளைகள். கதையில் அவர்களுக்கு வேறு வேலை இல்லாததால் நான் பெயர் வைக்கவில்லை, கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

3.

வீடு பார்க்கப் போன அன்று மல்லிகாவும் கூடவே வந்தார். கொழுந்து பறிக்கிறவர். ஒரு காலத்தில் அருள்செல்வி வீட்டுக்குப் பக்கத்துக் காம்பரா. பட்டியலில் ஐந்தாம் வீடு அவருக்கு.

[முதல் வரைவில் மல்லிகாவை அந்த வீட்டு வாசலில் அழ வைத்தேன். அவருக்கு அது பிடிக்கவில்லை போலிருக்கிறது, வரி நகரவே மாட்டேன் என்றது. விட்டுவிட்டேன்.]

அவர் அழவில்லை, நடந்தார். வெறும் அறைகளில் மெல்ல மெல்ல, கனவில் நடக்கிறவரைப் போல. "இங்க அடுப்பு. இங்க சாமிப் படம். இந்த ஜன்னலுக்கு மஞ்சத் துணி." பிறகு சிமெந்துத் தரையில் அப்படியே மல்லாந்து படுத்துக்கொண்டார். ஜன்னல் வழியே மூடுபனி உள்ளே வந்து அவர் மேல் நின்றது.

"என்னாக்கா செய்றீங்க?" என்று வாசலிலிருந்து கேட்டாள் அருள்செல்வி.

"சும்மாதான். படுத்தா எப்படி இருக்கும்னு பாக்கிறேன். நீ போ, மத்த வீட்டப் பாரு."

அருள்செல்வி போய் ஆறாம் வீட்டைப் பார்த்தாள். கூரை ஒழுகுமா, கக்கூஸ் கதவு பூட்டுமா, பைப்பில் தண்ணீர் வருமா என்று பார்த்தாள். லயத்தில் பிறந்தவர்கள் ஒரு வீட்டில் பார்ப்பது இவற்றைத்தான். பைப்பைத் திறந்ததும் தண்ணீர் கொட்டியது. சந்தோஷத்தில் அவள் கை தன்னாலே போய்ச் சுவரை இரண்டு தட்டுத் தட்டியது.

[லயத்துப் பொதுக் குழாயான பீலியில் தண்ணீர் வந்தால் பக்கத்துக் காம்பராவுக்கு நாங்கள் அப்படித்தான் சொல்வோம். இரண்டு தட்டினால் தண்ணீர். விடாமல் தட்டினால் யாருக்கோ சுகமில்லை.]

ஐந்தாம் வீட்டுத் தரையில் படுத்திருந்த மல்லிகா திருப்பித் தட்டினார். இரண்டு பேரும் சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்து சிரித்தார்கள். அருள்செல்விக்கு அப்படியொரு நிறைவு. குழுவில் மூன்று பேரும் கையெழுத்துப் போட்டார்கள்: 'பார்வையிட்டோம். ஒப்பந்தப்படி உள்ளன.'

வாசகரே, இதில் ஏதாவது உறுத்தியதா உங்களுக்கு? எனக்கு உறுத்தவில்லை. நானும் காம்பராவில் பிறந்த ஆள். எழுதி முடித்து, ஒரு பிளேன்டீ குடித்து, திரும்ப வாசித்தபோதும் உறுத்தவில்லை.

4.

உறுத்தியது ஹில்மிக்கு. சபையில் கிளார்க், பலாங்கொடைக் கடைத்தெருவில் சொந்த வீட்டில் வளர்ந்தவர். கூட்டத்துக்கு மூன்று நாள் முன்பு ஒப்பந்தத்தை அருள்செல்வி முன்னால் விரித்தார். அது சிங்களத்தில் இருந்தது. அவள் சிங்களம் கடகடவென்று வாசிப்பாள், அதனால் அந்தச் சாக்கும் இல்லை.

"மெடம், ஒவ்வொரு வீட்டுக்கும் நாலு பக்கமும் அஞ்சடி விடணும்னு இருக்கு. இவர் ரெண்டு ரெண்டா ஒட்டிக் கட்டியிருக்கார். ஆறு சுவரும் மிச்சம், நிலமும் மிச்சம். விலை மட்டும் தனி வீட்டு விலை. நீங்க நடுச் சுவரப் பாக்கல்லியா?"

"பாத்தேன் ஹில்மி," என்றாள் அருள்செல்வி. "தட்டியும் பாத்தேன்."

அவளுக்கு முகம் எரிந்தது. பிறகுதான் கோபம் வந்தது. சுவர் ஒட்டியிருந்தால் இந்த ஆட்கள் கண்டுபிடிக்க மாட்டார்கள் என்று ஒருத்தன் கணக்குப் போட்டிருக்கிறான். அந்தக் கணக்கு சரியாகவும் வந்துவிட்டது.

5.

மீதிப் பணத்தைக் கொடுக்கும் தீர்மானம் வியாழக்கிழமை சபைக்கு வருகிறது. யாரும் கேள்வி கேட்காவிட்டால் அடுத்த வாரம் சாவி. கேட்டால் விசாரணை, எத்தனை மாதமோ.

"நீ கேட்டுத்தான் ஆகணுமா?" என்றார், ஒட்டுச் சுவர் விஷயத்தைக் கேள்விப்பட்ட மல்லிகா.

"எப்படிக்கா கேக்காம இருக்கிறது?"

"லயத்துக்குப் பின்னால மண்ணு வெடிச்சிருக்கு செல்வி. நேத்துக் கைய விட்டுப் பாத்தேன், முழங்கை வரைக்கும் போகுது. பக்கத்துல ஆள் இருந்தா எனக்கென்னா நட்டம்? எனக்குத் தனியா இருந்தா தூக்கமே வராது."

"நம்ம ஆளுகளுக்கு இது போதும்னு நெனச்சிருக்கான்க்கா."

"போதும்தான்," என்றார் மல்லிகா. "அதான் எனக்கும் வயித்தெரிச்சலா இருக்கு."

6.

முடிவு ஒன்று: அருள்செல்வி வாயை மூடிக்கொள்கிறாள். சாவி வருகிறது, பால் பொங்குகிறது. இதை எழுதினேன். அதற்கப்புறம் அவள் என்னோடு பேசவில்லை.

முடிவு இரண்டு: அவள் கேட்கிறாள், கொந்தராத்துக்காரர் மாட்டிக்கொள்கிறார், எல்லாரும் கை தட்டுகிறார்கள். பத்திரிகையில் கூட இப்படிப் போட மாட்டார்கள்.

கடைசியில் அவளாகவே எழுந்தாள். நான் எழுப்பவில்லை. சிங்களத்தில்தான் பேசினாள், இங்கே தமிழில் தருகிறேன்.

"வீடு சரின்னு குடுத்த கடுதாசில ஒரு கையெழுத்து என்னோடது. தப்பாப் போட்டுட்டேன். ஒட்டுச் சுவர் ஒரு குறைன்னு எனக்குத் தோணல. பொறந்ததுலேருந்து நாங்க அப்படித்தான் இருக்கோம். அது கட்டினவருக்குத் தெரிஞ்சிருக்கு. மீதிக் காசு குடுக்காதீங்க, விசாரிங்க. என்னையும் விசாரிங்க. ஆனா சாவிய இப்பவே குடுங்க."

தலைவர் நல்ல மனிதர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சாவி நம்மகிட்ட இல்லியே நங்கி," என்று தங்கையிடம் சொல்வது போலச் சொன்னார். "முழுக் காசும் வந்தாத்தான் தருவேன்னு அவர் வச்சிருக்கார்." பிறகு சபையைப் பார்த்து, தீர்மானத்துக்கு ஆதரவானவர்கள் கை உயர்த்தலாம் என்றார்.

அருள்செல்வி கண்ணை மூடிக்கொண்டாள். எத்தனை கை உயர்ந்தது என்று

7.

எழுதவில்லை. எனக்குத் தெரியாது. கைகளைக் கூட்டித் தீர்மானத்தை ஜெயிக்க வைத்தால் ஒரு நியாயம் தவறுகிறது, கழித்துத் தோற்க வைத்தால் இன்னொரு நியாயம்.

நேற்று மத்தியானம் மேசையில் தலை சாய்த்திருந்தபோது மல்லிகா வந்தார். பிரம்புக் கூடையை இறக்கி வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

"அவ எந்திரிச்சது சரிதான்," என்றார். "சாவி என்னாச்சு?"

"முடிவ வாசிக்கிறவங்ககிட்ட விட்டுட்டேங்க."

"அவங்கல்லாம் எங்க இருக்காங்க?"

"அவங்கவங்க வீட்ல."

"அப்ப அவங்களுக்கு அவசரமில்ல," என்று சொல்லிவிட்டு, கூடையை எடுத்துத் தலையில் மாட்டிக்கொண்டு லயத்துக்கு ஏறிப் போனார்.