பெரிய தட்டு

ழுலியேத் அம்மாளின் மகன் ஆந்த்ரே பிரான்சிலிருந்து கடிதம் எழுதுவதில்லை, தட்டு அனுப்புவான். இசைத்தட்டு. 1986-ல் ஒன்று வந்தது, 87-ல் ஒன்று, இப்போது 88 நவம்பரில் மூன்றாவது. ஒவ்வொன்றின் உறை மேலும் ‘புது வெளியீடு’ என்று பிரெஞ்சில் ஒரு சிவப்பு ஒட்டு. பெற்றவளுக்கு நாலு வரி எழுதத் துப்பில்லாத பயலுக்கு வெளியீடு மட்டும் வருஷம் தவறுவதில்லை.

அவன் ஒரு குழுவில் பாடுகிறான் என்பது முதல் தட்டின் உறைப் படத்தில் தெரிந்தது. நாலு பேர் நின்றார்கள், நாலு பேருமே தலை வாரியிருக்கவில்லை. நடுவில் மைக்கை விழுங்கப் போகிறவன்போல் வாயைத் திறந்திருந்தவன் ஆந்த்ரே. குழுவின் பெயர் ‘நாலாம் மாடி’ என்று பிரெஞ்சில் போட்டிருந்தது. அப்படியானால் நாலாம் மாடியில் குடியிருக்கிறான் என்று அவளாக முடிவுகட்டிக்கொண்டாள். ஒன்பது வருஷத்தில் மகனைப் பற்றி அவளுக்குக் கிடைத்த தகவல் அவ்வளவுதான்.

அவன் போனது 79-ல். அவள் கணவர் ஆந்துவான் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்று வந்தவர். காரைக்காலில் அவர்களைச் சொல்தா என்பார்கள். மகனும் சொல்தா ஆகவேண்டும் என்று காகிதமெல்லாம் தயார் செய்து வைத்திருந்தார். பையன் மத்தியானச் சாப்பாட்டில் உட்கார்ந்து, சேரமாட்டேன் என்றான்.

“அப்ப வெளிய போ” என்றார் அவர்.

பையன் பிசைந்த சோற்றை அப்படியே விட்டு எழுந்தான். குழம்புக் கரண்டியோடு நின்றிருந்த ழுலியேத், “சாப்பிட்டுட்டுப் போ” என்றாள். அவன் சாப்பிடாமல் போனான்.

இதில்தான் அவளுக்குத் தீராத உறுத்தல். ஒரு தாய் ‘போகாதே’ என்றல்லவா சொல்லியிருக்க வேண்டும்? ‘சாப்பிட்டுட்டுப் போ’ என்றால் போவதற்குச் சம்மதம், சோறு மட்டும்தான் குறுக்கே நிற்கிறது என்று ஆகிவிடாதா? அவர் விரட்டினார், இவள் வழியனுப்பினாள். 83-ல் ஆந்துவான் இறந்தபோது, தெரிந்தவர் விலாசத்துக்குத் தந்தி கொடுத்தும் ஆந்த்ரே வரவில்லை. அப்பாவோடு சேர்த்துத் தன்னையும் தலைமுழுகிவிட்டான் என்று அன்றைக்கே அவள் தீர்மானித்தாள்.

அப்படித் தலைமுழுகியவன் பிறகு எதற்காகத் தட்டு அனுப்பவேண்டும்? அதற்குள் தனக்கென்று ஒரு வார்த்தை இருக்கிறதா, இல்லையா? இரண்டு வருஷமாக இதுதான் அவளுடைய கவலை. பொட்டலத்தில் அனுப்புநர் விலாசம் இருக்கிறது, இவளே எழுதலாம். முதலில் அவன் எழுதட்டும் என்று இவளுக்கும் ஒரு வீம்பு. அந்தக் குடும்பத்தில் வீம்புக்கு மட்டும் குறைச்சலே இல்லை.

தட்டைப் போட்டுக் கேட்க அவள் கோட்டுச்சேரிக்கு பஸ் ஏறுவாள். காரைக்கால் கடைகளில் எல்லாரும் கேசட்டுக்கு மாறிவிட்டார்கள். தட்டு சுழலும் பெட்டியை விடாமல் வைத்திருந்தவர் கோட்டுச்சேரி மைக் செட் சுப்ராயன் ஒருவர்தான். கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா எல்லாவற்றுக்கும் குழாய் கட்டுகிறவர். முதல் இரண்டு தட்டுகளும் சின்னவை. போட்ட மாத்திரத்தில் தகரக் கொட்டகை மேல் ஆலங்கட்டி விழுகிற சத்தம், அதற்குள் யாரோ ஒருவன் கத்துகிறான், ஒன்றரை நிமிஷத்தில் முடிந்துவிடும். கான்வென்டில் படித்த பிரெஞ்சை வைத்துக்கொண்டு காதைத் தீட்டித் தீட்டிக் கேட்டாலும் அவளுக்கு ஒரு சொல் பிடிபடவில்லை.

மூன்றாவது தட்டு பெரியது. சிவப்பு ஒட்டில் ‘புது வெளியீடு’ என்பதற்குக் கீழே ‘ஹார்ட்கோர் மெலோதிக்’ என்று இன்னொரு வரி. ஹார்ட்கோர் என்றால் என்ன எழவோ அவளுக்குத் தெரியாது. மெலோதிக் தெரியும், மாதாகோயில் பாட்டுக்குழுவில் இருந்தவள். ராகத்தோடு பாட இப்போதுதான் புத்தி வந்ததாக்கும் என்று நினைத்துக்கொண்டாள். உறைக்குள் கைவிட்டுத் துழாவினாள். கடிதம் இல்லை.

அவ்வளவுதான், பொறுமை போய்விட்டது. பொட்டலத் தாளின் மேல் கொட்டை எழுத்தில் ‘ரெதூர்’ என்று பிரெஞ்சில் எழுதினாள்: திருப்பி அனுப்பவும். ஒரே ஒரு முறை கேட்பது, தனக்கென்று ஒரு வார்த்தை இல்லையென்றால் நேரே தபாலாபீஸ் போய் அனுப்பிவிடுவது, பிறகு தனக்கு மகன் இல்லை. அப்படித்தான் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினாள்.

“வாங்க மதாம், உட்காருங்க” என்று சுப்ராயன் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். “தம்பி இந்தத் தடவை பெரிய தட்டே போட்டுட்டாரு.”

பெரிய தட்டென்றால் நிமிஷத்துக்கு முப்பத்துமூன்று சுற்று, சின்னத் தட்டென்றால் நாற்பத்தைந்து. இருபது வருஷமாக அவர் கை பழகியது அது. தட்டைப் பார்க்காமலே விசையை முப்பத்துமூன்றுக்குத் தள்ளி ஊசியை வைத்தார்.

கிதார் இழுத்து இழுத்து வந்தது. சுப்ராயன் தலையை ஆட்டினார். “நிதானமாப் பாடியிருக்காரு மதாம். நல்ல முன்னேற்றம்.”

ழுலியேத் பெட்டியின் பக்கம் குனிந்தாள். பெட்டியிலிருந்து வந்த குரல் ஆந்த்ரேயுடையது இல்லை. கனத்த, கரகரத்த குரல். செத்து ஐந்து வருஷமான ஆந்துவானின் குரல். அது பிரெஞ்சில் ஏதோ உறுமிவிட்டு, சுத்தமான தமிழில் சொன்னது: “அப்ப வெளிய போ.”

அவள் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள்.

“தமிழ்ல பாடுறாரே” என்று சுப்ராயன் வாயெடுத்தார். அவள் கையமர்த்தினாள். முரட்டு மேளம் விலகி, ஒரு மெட்டு எழும்பியது. நாலைந்து ஆண் குரல்கள் சேர்ந்து அதைப் பாடின. அந்த வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு ‘ட’ வரவில்லை. “சாப்பித்துத்துப் போ” என்று பாடினார்கள். திரும்பப் பாடினார்கள். பிறகும் பாடினார்கள்.

ஊசி கடைசி வளையத்துக்குப் போய்க் கரகரத்தது. அப்போதுதான் சுப்ராயன் தட்டின் நடுவில் இருந்த எண்ணைக் கவனித்தார். தலையில் கை வைத்துக்கொண்டார்.

“மதாம், தப்பு பண்ணிட்டேன். இது பெரிய தட்டுதான், ஆனா நாப்பத்தஞ்சுன்னு போட்டிருக்காங்க. மெதுவா ஓட்டினதாலதான் குரல் இப்படிக் கனத்துப் போச்சு. எந்த ஊர்லங்க இப்படிச் செய்வாங்க? இருங்க, சரியா வைக்கிறேன்.”

சரியாக வைத்தார். பழைய ஆலங்கட்டி மழை. குரல் ஆந்த்ரேயின் குரலாகிவிட்டது, ஆந்துவான் போய்விட்டார். ஆனால் வழி தெரிந்துவிட்ட காதுக்கு இப்போது எல்லாம் பிடிபட்டது. ‘வெளிய போ’ ஒரே தடவை, அதுவும் கத்தல். ‘சாப்பிட்டுட்டுப் போ’ எட்டுத் தடவை, எட்டும் ராகம். இவள் எண்ணினாள்.

“சுப்ராயன், இது கோவத்துல பாடற மாதிரி இருக்கா?”

அவர் கொஞ்சம் யோசித்தார். “முதல்ல வர்றது கோவந்தாங்க. பின்னால எல்லாரும் சேர்ந்து பாடுறது கோவமில்லை. கோவத்துல யாருங்க இவ்வளவு அழகா மெட்டுப் போடுவாங்க?”

ழுலியேத் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஒன்பது வருஷமாக எந்தச் சொல்லுக்காகத் தன்னைத் தானே வைதுகொண்டிருந்தாளோ, அதையே பிடித்துக்கொண்டு அந்தப் பிள்ளை அங்கே காலம் தள்ளியிருக்கிறது. அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை ஒரு கடிதத்தில் எழுதித் தொலைத்திருக்கலாமே என்று ஆத்திரமாகவும் இருந்தது.

“இன்னொரு தடவை போடட்டுங்களா?”

“போடுங்க. முதல்ல தப்பா வச்சீங்களே, அந்த மாதிரி.”

திரும்பும்போது தபாலாபீசில் இறங்கினாள். பையில் தட்டு இருந்தது, ‘ரெதூர்’ எழுதிய தாளும் இருந்தது. அந்தத் தாளிலிருந்து விலாசத்தைப் பார்த்து ஒரு வெளிநாட்டுக் கடிதத்தாளின் மேல் எழுதினாள். உள்ளே என்ன எழுதுவது என்று வெகுநேரம் நின்றாள். அப்பாவின் சாவைப் பற்றி எழுதலாம், தன் முட்டிவலியைப் பற்றி எழுதலாம். எதுவும் சரியாக வரவில்லை. கடைசியில் அந்தப் பழைய வாக்கியத்தையே எழுதினாள். அதில் உள்ள ‘போ’வை எடுத்துவிடலாமா என்று ஒரு யோசனை வந்தது. ஆனால் அது அவன் ராகம் போட்ட சொல். அதில் கைவைக்க மனம் வரவில்லை. முன்னால் ஒரே ஒரு சொல்லை மட்டும் சேர்த்து, ஒட்டி, பெட்டியில் போட்டாள்.

‘வந்து சாப்பிட்டுட்டுப் போ.’